காத்திருக்க இயலாதவரின் விலை

பேசாலையில் நாம் ஒரு வீடு வாங்கினோம். இதனை வாசகருக்கு அறிவிப்பதிற் பெருமையேதும் இல்லை. வாங்கிய முறையை எண்ணுங்கால் வெட்கமே மிகுதி. விற்றவர் ஒரு கடற்றொழிலாளர். வாங்கிய நாமோ, சுரண்டல் என்னும் சொல்லைப் பள்ளிக்கூடத்திலும் வாசகர் வட்டத்திலும் நா வறளும்வரை உச்சரித்து வருகின்ற ஆசிரியக் கூட்டத்தைச் சேர்ந்தோம். இவ்விருவருக்கும் இடையில் ஒரு வீட்டின் விலை எவ்வாறு தீர்மானமாயிற்று என்பதை மறைவின்றி எழுதி, நீதி அதில் எங்கே நின்றது, எங்கே நழுவிற்று என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். சொந்தக் கதை என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். பிறர் வீட்டுப் பேரங்களின் உள்ளே நாம் இருந்ததில்லை. இதன் உள்ளே இருந்தோம்.

மன்னார்ப் பட்டினத்திலிருந்து தலைமன்னாருக்குச் செல்லும் வழியில், தீவின் வடகரையில் அமைந்த ஊர் பேசாலை. வெண்மணலும் பனையும், ஓலை வேலிகளும், கரையில் ஏற்றிவைத்த படகுகளும், ஊர் நடுவே ஓங்கி நிற்கும் வெற்றி அன்னையின் ஆலயமும் அதன் அடையாளங்கள். கடலே இவ்வூரின் வயல். அவ்வயலில் இறங்குவதற்கு மண்ணெண்ணெய் வேண்டும். சிறுபடகுகளின் இயந்திரங்கள் அதனைக் கொண்டே ஓடுவன. 2022 ஆம் ஆண்டு ஏப்ரில் 12 ஆம் நாள், வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிக் கொடுக்க இயலாதென அரசு கைவிரித்தது. கொழும்பு மக்கள் எரிவாயுவுக்கு வரிசையில் நின்ற காட்சி உலகமெங்கும் பரவிற்று. இக்கரையில் மண்ணெண்ணெய்க் கலனோடு நின்றவர்களைப் படம்பிடிக்க வந்தவர் சிலரே. லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் அவ்வாண்டு ஓகஸ்டில் ஒரேயடியாக 340 ரூபாவாக்கப்பட்டது. அதற்கு முந்திய மாதங்களிலோ 87 ரூபாவுக்கு அது கிடைப்பதே அரிதாயிற்று. மார்ச் மாதத்திலேயே மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் சில குடும்பங்கள், பட்டினிக்கு அஞ்சிப் படகேறித் தனுஷ்கோடி மணலில் இறங்கிவிட்டன.

எமக்கு வீட்டை விற்றவர் எங்கும் போகவில்லை. படகு இயந்திரத்துக்குப் பட்ட கடன் அவருக்கிருந்தது. எல்லை தாண்டி வரும் இழுவைப் படகுகள் அறுத்துச் சென்ற வலைகளின் கணக்கும் இருந்தது. மூத்த மகனை வெளிநாட்டு வேலைக்கு அனுப்புவதென்று முடிவெடுத்து, முகவர் ஒருவரிடம் முற்பணமும் கட்டியிருந்தார். அவ்வாண்டில் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தொழில் தேடி இந்நாட்டை விட்டுச் சென்றனர். அவர் மகன் அப்பெருங்கூட்டத்தில் ஒருவன். குறித்த நாளுக்குள் மிகுதிப் பணம் கட்டாவிடின் முற்பணமும் போய்விடும். எஞ்சியிருந்த ஒரே சொத்து வீடு. இருபது பேர்ச் வளவு, இரண்டு அறையும் ஒரு விறாந்தையும் கொண்ட ஓட்டு வீடு, கோடையிலும் உவர்க்காத ஒரு கிணறு. மன்னார்த் தீவில் உவர்க்காத கிணறு என்பதன் பொருளை இங்கு வாழ்ந்தோரே அறிவர்.

அவர் கேட்ட விலை 40 இலட்சம் ரூபா. நாம் மேசன் ஒருவரை அழைத்துச் சென்று சுவரைத் தட்டியும் மரத்தைக் குத்தியும் பார்த்தோம். அயலில் விற்பனையான காணிகளின் விலையையும் விசாரித்தோம். இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்து, 38 இலட்சம் நியாயமான விலை என எமது குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டோம். அவரிடம் சொன்னது 30 இலட்சம்.

பேரம் என்றால் அப்படித்தானே, இதில் என்ன குற்றம் என வாசகர் வினவலாம். அவர் கூட்டிக் கேட்பார், நாம் குறைத்துக் கேட்போம், இடையில் ஓரிடத்தில் இருவரும் சந்திப்போம். மீன் சந்தையிலும் நிகழ்வது இதுவே. அவ்வளவோடு நின்றிருந்தால் இக்கட்டுரைக்கு இடமில்லை. ஆனால் முகவர் விதித்த தவணையைப் பற்றி எமக்குச் சொன்ன உடனாசிரியர் ஒருவர், கூடவே ஓர் ஆலோசனையும் தந்தார்: "அவசரம் அவருக்கு, உங்களுக்கில்லை. கொஞ்ச நாள் அந்தப் பக்கம் போகாதேங்கோ." நாம் போகவில்லை. இரண்டு கிழமை அவ்வீதியையே தவிர்த்து, கடற்கரை வழியாகப் பள்ளிக்கூடம் சென்றோம். பதினைந்தாம் நாள் மாலை அவரே எமது வாடகை வீட்டுக்கு வந்தார். கதிரையில் அமரச் சொன்னோம், விளிம்பில் இருந்தார். "மாஸ்டர், நீங்களே ஒரு விலையைச் சொல்லுங்க" என்றார். 33 என்றோம். சற்று நேரம் தரையைப் பார்த்தார். "சரி மாஸ்டர்" என்றார்.

எம்மிடம் அப்போது 36 இலட்சம் வரையில் இருந்தது. எமது சேமிப்பு, மனைவியின் நகை, சம்பளத்தின் மேல் எடுத்த கடன் எல்லாம் அதில் அடங்கும். மிகுதி இரண்டைத் தவணையிற் பெற அவர் மறுத்திருக்கமாட்டார். அஃதாவது 38 கொடுக்க எம்மால் இயன்றது. இயலாமையால் குறைத்தோம் என்று சொல்லிக்கொள்ளும் ஆறுதலும் எமக்கு இல்லை. மிஞ்சிய பணத்தில் ஓலை வேலியைப் பிடுங்கிவிட்டு மதில் கட்டினோம்.

உறுதி எழுதிய நாளில் நடந்த ஒன்றையும் சொல்லவேண்டும். முத்திரைத் தீர்வையைக் குறைப்பதற்காக உறுதியில் 20 இலட்சம் என்று எழுதினாற் போதுமெனத் தரகர் காதோடு கூறினார். நாம் கண்டிப்பாக மறுத்தோம். அரசுக்குச் சேரவேண்டிய வரியை ஏய்ப்பதா என்று அவருக்கு ஒரு சிறு பிரசங்கமும் செய்தோம். விற்றவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இனி வாதத்துக்கு வருவோம். அவர் சம்மதித்தாரல்லவா? ஆம். எவரும் அவரை மிரட்டவில்லை. இரு சாட்சிகள் முன்னிலையில், நொத்தாரிசு வாசித்துக்காட்ட, 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கோரும் முறையெல்லாம் பிசகாது கையொப்பமிட்டார். ஆனால் இந்தச் சம்மதம் என்னும் சொல்லை முற்போக்காளர் வேறோரிடத்தில் வெகு நாட்களுக்கு முன்பே சோதித்துப் பார்த்துவிட்டனர். தொழிலாளி கூலிக்குச் சம்மதித்துத்தானே ஆலையினுள் நுழைகிறான்? அச்சம்மதத்தின் அடியில் என்ன கிடக்கிறது என்பதை மார்க்ஸுக்கு முன்னரே, முதலாளித்துவப் பொருளியலின் தந்தை எனப் போற்றப்படும் ஆதம் சிமித் 1776 இல் கண்டு எழுதினார். கூலித் தகராறு மூண்டால் முதலாளி வேலையாள் இன்றியே ஓரிரு ஆண்டுகள் கைமுதலை உண்டு வாழ்வான். தொழிலாளருட் பலர் ஒரு வாரமும் தாக்குப்பிடியார். எனவே வெற்றி யாருக்கென்பது பேச்சுத் தொடங்குமுன்பே முடிவாகிவிடுகிறது என்பது அவர் கண்ட உண்மை. பேரத்தில் எடை போடப்படுவது பொருள் மட்டுமன்று, காத்திருக்கும் வலிமையும் எடை போடப்படுகிறது. உழைப்பை விற்பவனிடத்தில் இதனைக் கண்டு கொதித்தெழும் நாம், வீட்டை விற்பவரிடத்தில் இதனையே கெட்டித்தனம் என்று கொண்டாடுகிறோம். மாதச் சம்பளக்காரராகிய எமக்கு, அந்த இரண்டு கிழமையும் ஒரு நட்டமும் இல்லை. அவருக்கோ ஒவ்வொரு நாளும் ஒரு விலை. அவ்விலையைத்தான் நாம் எமது கணக்கில் வரவு வைத்தோம்.

சந்தை விலை என்று ஒன்று உண்டே என்பார் சிலர். ஒரு கிராமத்தில் ஆண்டுக்கு இரண்டோ மூன்றோ வளவுகள் கைமாறுகின்றன. அவற்றுள் ஒன்று சீதனத்துக்காக, ஒன்று கடனுக்காக, ஒன்று கடல்கடந்து போவதற்காக. இவற்றின் சராசரியைச் சந்தை என்று பெயரிட்டு வணங்குவது நகைப்புக்குரியது. அச்சராசரிக்குள்ளே முன்பு அவசரப்பட்டவர்களின் கண்ணீரும் கலந்தே கிடக்கிறது. அடுத்த முறை பேசாலையில் ஒரு வளவு விலைபோகும்போது, எமது 33 இலட்சமும் சந்தை விலையாகிவிடும்.

உரோம நாட்டுச் சிசரோ, தம் மகனுக்கு எழுதிய கடமைகள் பற்றிய நூலில், இவ்விடயம் குறித்து இரண்டு கதைகளைச் சொல்கிறார். நூல் எழுந்தது கிறித்துவுக்கு முன் 44 இல். கரையோர மக்கள் முதற் கதையைக் கேட்டால் சிரிப்பார்கள். சிராக்கூசா நகரில் கனியசு என்னும் உரோமச் செல்வன் ஓய்வுக்கு ஒரு தோட்டம் வாங்க விரும்பினான். பிதியசு என்னும் வட்டிக்கடைக்காரன் அவனைத் தன் கடலோரத் தோட்டத்துக்கு விருந்துக்கு அழைத்தான். முதல்நாளே மீனவர்களைக் கூப்பிட்டு, நாளை என் தோட்டத்தின் முன்னாலேதான் மீன் பிடிக்கவேண்டும் என ஏற்பாடு செய்துவிட்டான். விருந்தாளி வந்தபோது கடல் நிறையப் படகுகள். ஒவ்வொருவரும் மீனைக் கொண்டுவந்து பிதியசின் காலடியிற் போட்டனர். ஊர் மீனெல்லாம் இவ்விடத்தில்தான் என்று நம்பிய கனியசு கேட்ட விலைக்கு வாங்கிவிட்டான். மறுநாள் நண்பர்களை அழைத்து வந்து பார்த்தால் ஒரு துடுப்பும் இல்லை. இன்று மீனவர்க்கு விடுமுறையோ என்று அயலானிடம் விசாரித்தான். அப்படியொன்றும் இல்லை, இங்கே ஒருவரும் மீன் பிடிப்பதில்லையே, நேற்று நடந்ததுதான் எனக்குப் புதுமை என்றான் அயலான்.

இக்கதையில் ஏமாற்றியவன் விற்பவன். வீடு வாங்குவது பற்றி உலகம் கூறும் புத்திமதிகளெல்லாம் இத்தகைய விற்பவனை மனத்திற் கொண்டே எழுந்தன. உறுதியைப் பார், ஈட்டைப் பார், சுவர் வெடிப்பைப் பார் என்று வாங்குபவனையே எச்சரிக்கின்றன. விற்பவனை வாங்குபவனிடமிருந்து காப்பதற்குப் புத்திமதி சொல்வார் அரியர். சிசரோவின் இரண்டாம் கதை அந்தப் பக்கம் திரும்புகிறது. குவின்தசு சிகேவோலா என்னும் சட்ட அறிஞர் ஒரு காணி வாங்கச் சென்றார். ஒரே சொல்லில் விலையைச் சொல்லுமாறு விற்பவனைக் கேட்டார். அவன் சொன்னான். உன் காணி இதனினும் பெறுமதி உடையது என்று கூறி, செஸ்டர்சு என்னும் நாணயத்தில் ஓரிலட்சம் கூட்டிக் கொடுத்தார். இது நல்லவன் செய்கையென ஒப்பாதார் இல்லை. ஆனால் அறிவாளி செய்யும் காரியம் அன்று என அக்காலத்திலும் சொன்னார்களாம். நன்மை ஒரு பக்கம், அறிவு மறுபக்கம் என்று இவ்வாறு பிரித்துவைப்பதே கேடு என்பது சிசரோவின் கருத்து. எமது உடனாசிரியர் அவ்வுரோமருடைய வழித்தோன்றலே.

சட்டம் என்ன சொல்கிறது? எமது நாட்டின் உரோமன்–டச்சுச் சட்டத்தில் பழைய விதி ஒன்று உயிரோடிருக்கிறது. உண்மைப் பெறுமதியின் பாதிக்கும் குறைவான விலைக்கு விற்கப்பட்ட காணியின் விற்பனையை நீதிமன்றத்தின் மூலம் குலைக்க இவ்விதி இடந்தருகிறது. தியோக்கிளேசியன் என்னும் பேரரசனின் பெயரால் சட்டத் தொகுப்பில் இடம்பெற்ற இவ்விதி ஒல்லாந்தர் வழியாக இங்கு வந்தது. தென்னாபிரிக்காவுக்கும் அவ்வழியே சென்றது. 1952 இல் அந்நாடு இதனை ஒழித்துவிட்டது. இங்கு இருப்பது நல்லதே. ஆயினும் எமது விடயத்துக்கு இதனைப் பொருத்திப் பாருங்கள். 38 இலட்சத்தின் பாதி 19. ஆகவே 20 இலட்சத்துக்கு வாங்கியிருந்தாலும் இவ்விதி எம்மைத் தொடாது. பாதிக்கு மேற்பட்ட பரப்பைச் சட்டம் எமது மனச்சாட்சிக்கு விட்டுவைத்திருக்கிறது. அப்பரப்பிலேதான் நாட்டின் பேரங்கள் பெரும்பாலும் நடக்கின்றன.

அந்தப் பரப்பில் நடக்க எமக்கு வழிகாட்டியவர், வியப்பாயினும், 13 ஆம் நூற்றாண்டுத் துறவி தோமா அக்குவினா. அவர் நூலின் முடிபுகள் பலவற்றுடன் நாம் உடன்படோம். விலை குறித்து அவர் செய்யும் ஒரு பகுப்பு மட்டும் மறுக்க இயலாதது. பொருளைப் பிரிவதால் விற்பவனுக்கு ஓர் இழப்பு உண்டெனில், அவ்விழப்புக்காக விலையை உயர்த்துவது தகும். வாங்குபவனுடைய தேவை பெரிது என்பதற்காக உயர்த்துவதோ தகாது. ஏனெனில் அத்தேவை விற்பவனுடைய சொத்தன்று, தனதல்லாததை ஒருவன் விற்கலாகாது. இதனைத் திருப்பிப் பிடியுங்கள். விற்பவரின் நெருக்கடி எமது சொத்தன்று. ஓடு பழையது என்று இரண்டு இலட்சம் குறைத்தோமானால், அது எமக்குரிய வாதம். மகனுடைய தவணைத் திகதி நெருங்குகிறது என்று ஐந்து இலட்சம் குறைத்ததற்கு எமக்கு என்ன உரித்து? அவர் வளவை விற்க வந்தார். தம் மகனுடைய தவணைத் திகதியை விற்க வரவில்லை. அதனையும் சேர்த்து வாங்கினோம், விலை கொடாமலே.

இங்கு இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. விற்பனை என்பது இருவருக்கிடையிலான தனிக் காரியம் என்ற எண்ணமே எமது மண்ணுக்குப் புதிது. தேசவழமை ஒல்லாந்தர் காலத்தில் 1707 இல் ஏட்டில் ஏற்றப்பட்டது. காணியை விற்க எண்ணுபவர் பங்காளிக்கும் உரிமைக்காரருக்கும் முதலில் அறிவிக்கவேண்டும், அவர்களுக்கே முன்னுரிமை என அது விதித்தது; 1947 இல் இவ்விதிக்குத் தனிக் கட்டளைச் சட்டமும் இயற்றப்பட்டது. குடும்பச் சொத்தைக் குடும்பத்துக்குள் பூட்டிவைக்கும் நிலவுடைமை மனப்பான்மை அதில் உண்டு. அதனை நாம் புகழ வரவில்லை. எனினும், நெருக்கடியில் இருப்பவர் ஒரு தனியாளாக வாங்குபவன் முன்னே வந்து நிற்க நேராதபடி, அவருக்குப் பின்னால் ஒரு சுற்றத்தை அது நிறுத்திற்று. பேசாலை ஆலயத்தில் வாசிக்கப்படும் வேதாகமத்திலும் இதே வழக்கம் உண்டு. பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்த வேளை, காவற்கூடத்தில் அடைபட்டிருந்த எரேமியா இறைவாக்கினரிடம், சிற்றப்பன் மகன் வந்து, அனதோத்து ஊர் நிலத்தை மீட்கும் உரிமை உன்னுடையது, நீ வாங்கு என்றான். பகைவன் காலடியில் கிடந்த நிலம் அது. எரேமியா 17 செக்கேல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிகளை வைத்து உறுதி எழுதி, அதனை மண்பாண்டத்துள் இட்டுப் பத்திரப்படுத்தச் சொன்னார். முற்றுகைக் காலத்தில் காணி வாங்குவோரைப் பின்னாளில் நாமும் நிறையக் கண்டோம். அவர்கள் எரேமியாவைப் போல வாங்கவில்லை.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டது. இத்தீவின் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் படகேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமை அடைந்தனர். அவ்வாண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் அனைவரையும் வெளியேறுமாறு பணித்தனர். ஏறத்தாழ 75,000 பேர் வேரோடு பிடுங்கப்பட்டனர். எருக்கலம்பிட்டி, தாராபுரம் முதலிய எமது அயலூர் மக்கள் கடல்வழியே கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் சென்று ஓலைக் கொட்டில்களில் ஒதுங்கினர். எமது பிறப்பை ஒட்டிய காலத்தில் நடந்தது இது; ஆயினும் இதன் பிற்பகுதியைக் கண்ணாற் கண்டு வளர்ந்தோம். ஆண்டுகள் கடந்தன. பிள்ளைகள் வளர்ந்தனர், குமருகள் காத்திருந்தனர், திரும்பும் வழி திறக்கவில்லை. வடக்கே கிடந்த காணியையும் வீட்டையும் கொட்டிலில் இருந்தபடியே வந்த விலைக்கு விற்றவர்கள் உளர். வாங்கியவர்களுள் எம்மவர் இருந்தனர். அவர்களிடமும் உறுதி உண்டு, சாட்சிகள் உண்டு, விற்றவரின் சம்மதம் உண்டு. துப்பாக்கி பிடித்தவன் வேறு, பணம் கொடுத்தவன் வேறு என்று அவர்கள் வாதிடுவர். உண்மைதான். ஆனால் துப்பாக்கி குறைத்துவைத்த விலையை, துப்பாக்கி பிடியாதவன் அனுபவித்தான். தமிழ் மக்களின் நில உரிமைக்காகக் குரல் எழுப்பும் நாம், இவ்வுறுதிகளைக் குறித்து எழுதியது மிகக் குறைவு.

விற்காமலே இழந்தவர்களின் நிலை வேறு. ஒருவருடைய காணியில் இன்னொருவர் பத்து ஆண்டு தடையின்றி எதிருரிமையோடு இருந்துவிட்டால் காணி அவருக்கே உரித்தாகும் என்று 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் கூறுகிறது. விரட்டப்பட்டவர் வந்து தடுக்க முடியாத காலத்தையும் அப்பத்து ஆண்டில் சேர்த்தெண்ணுவது எவ்வகை நீதி? 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் இதற்கு ஒரு பரிகாரம் தேடியது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில், ஆயுதக் குழுக்களின் செயலால் தம் உரிமையைக் கோர முடியாதிருந்தோருக்கு எதிராக அக்காலத்தை எண்ணலாகாது என அது விதித்தது. காத்திருக்க முடிந்தவனுக்குக் காலம் சொத்தாகிறது, வரமுடியாதவனிடமிருந்து காலமே சொத்தைப் பறிக்கிறது என்பதை, ஒரு பாராளுமன்றம் ஒரு முறையேனும் ஒப்புக்கொண்டது. ஆனால் கொட்டிலில் இருந்து கையொப்பமிட்டவருக்கு அச்சட்டத்தில் இடமில்லை. அவர் விற்றுவிட்டாரல்லவா!

எமது 5 இலட்சத்தை இவற்றோடு ஒப்பிடுவது மிகையென எமக்கும் தெரியும். அளவு வேறு, கொடுமை வேறு. செயலின் அமைப்பு மட்டும் ஒன்றே.

இப்போது இத்தீவில் வேறு வகை வாங்குபவர் நடமாடுகின்றனர். தென்கரையில் 2020 டிசெம்பரில் திறந்துவைக்கப்பட்ட தம்பபவனிக் காற்றாலைப் பண்ணையின் 30 கோபுரங்கள் நிற்கின்றன. மணலில் இல்மனைற்று முதலிய கனிமங்கள் உளவெனத் துளையிட்டு ஆராய்ந்துள்ளனர். மக்கள் எதிர்த்து வீதியில் இறங்கியுமிருக்கின்றனர். மணலுக்கு அடியில் என்ன கிடக்கிறதென்பதை வாங்குபவன் வரைபடத்தோடு அறிவான். பனங்காணியை விற்கும் கிழவி அறியாள். புதையல் இருப்பதைக் கண்டவன் அதனை மூடிவைத்து, தனக்குள்ள யாவற்றையும் விற்று அந்நிலத்தை வாங்கினான் என்று நற்செய்தியில் ஓர் உவமை உண்டு. விண்ணரசைப் பற்றிய உவமை அது. காணிச் சட்டமாக அதனை எவரும் கொள்ளாதிருப்பாராக.

எமது முற்போக்கு நண்பர் ஒருவரிடம் இவற்றையெல்லாம் சொன்னோம். அவர் பொறுமையோடு கேட்டுவிட்டு, இது தனிமனித ஒழுக்கவாதம் என்றார். குடியிருப்புப் பிரச்சினை பற்றி 1872 இல் எங்கெல்சு எழுதியதை நினைவூட்டினார். ஒவ்வொருவனையும் ஒரு சிறு வீட்டுக்குச் சொந்தக்காரன் ஆக்குவதால் பிரச்சினை தீராது, அமைப்பே மாறவேண்டும் என்பதன்றோ அங்கே வாதம்? நீர் ஐந்து இலட்சம் கூடக் கொடுத்திருந்தால் மண்ணெண்ணெய் விலை இறங்கியிருக்குமா, இழுவைப் படகு நின்றிருக்குமா என்று கேட்டார். இறங்கியிராது, நின்றிராது. அக்கடற்றொழிலாளருக்கு வேண்டியிருந்தது இரக்கமுள்ள வாங்குபவர் அல்லர். குறைந்த வட்டியில் ஆறு மாதக் கடன் ஒன்று கிடைத்திருந்தால் அவர் வீட்டை விற்றிருக்கவே மாட்டார். அதனைக் கொடுக்கவேண்டிய கூட்டுறவும் வங்கியும் அரசும் அவருக்கு எட்டாத தூரத்தில் இருந்தன. இவற்றுக்காகப் போராடுவதே முதற்கடமை என்பதில் நண்பரோடு எமக்குப் பிணக்கில்லை.

ஆயின் அமைப்பு மாறும்வரை நாம் அமைப்பின் கையாட்களாக இருக்கலாம் என்ற உத்தரவு எந்நூலில் உள்ளது? அமைப்பு என்பது வானத்தில் தொங்கும் ஒன்றன்று. பேசாலையில் அன்று அது கடற்கரை வழியாகச் சுற்றிப் பள்ளிக்கூடம் போயிற்று. எமது கால்களாலே போயிற்று. அமைப்பைக் காட்டித் தன்னை மன்னித்துக்கொள்பவர், நாளை அமைப்பு மாறினாலும் புதிய அமைப்பைக் காட்டுவார். நண்பர் இதற்கு மறுமொழி சொல்லவில்லை. தேநீர் ஆறுகிறது என்றார்.

விற்றவர் இப்போது அதே ஊரில், தமக்கையின் வளவில் ஒரு பத்தி இறக்கிக் குடியிருக்கிறார். அவருடைய இளைய மகள் எமது வகுப்பு மாணவி. 2023 ஆம் ஆண்டு ஒருநாள் திருக்குறளில் நடுவுநிலைமை அதிகாரத்தைப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தோம். அவ்வதிகாரத்தின் கடைசிக் குறள் வாணிகத்தைப் பற்றியது என்பது ஆசிரியர் எவருக்கும் தெரியும். அதனை விளக்குகையில் மூன்றாம் வரிசையில் அப்பிள்ளை தலை குனிந்து குறிப்பெழுதிக்கொண்டிருந்தாள். அவள் எம்மைக் குறித்து எதுவும் எண்ணியிருக்கமாட்டாள். பரீட்சைக்குக் குறிப்பு வேண்டும், எழுதினாள். நமக்குத்தான் உரை வரவில்லை. மணி அடித்ததென்று பாடத்தை முடித்தோம். மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது.

அன்று மாலை மனைவியோடு பேசினோம். ஐந்து இலட்சத்தைக் கொடுத்துவிடவேண்டும் என்றோம். அவருக்குச் சினம் வந்தது. அடகிலிருக்கும் நகை எப்போது வரும் என்று கேட்டார். நியாயமான கேள்வி, நகை அவருடையது. இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை. மூன்றாம் நாள், தவணையாக என்றால் கொடுக்கலாம் என்றார்.

விற்றவரைத் தேடிப் போனோம். வலை பொத்திக்கொண்டிருந்தார். "அண்ணன், அந்த விலை சரியில்லை" என்று தொடங்கினோம். அவர் பதறிப்போனார். வீட்டில் ஏதோ குறை கண்டு பணத்தைத் திருப்பிக் கேட்க வந்திருக்கிறோம் என்று எண்ணிவிட்டார். விளங்கவைக்க வெகு நேரம் சென்றது. விளங்கிய பின்னர் அவர் முகம் மாறிற்று. "நான் விற்றது விற்றதுதான் மாஸ்டர். பிச்சை கேட்டு நான் உங்களிட்ட வரல்ல" என்றார். பிச்சையன்று, கடன் என்றோம். நீங்கள் என்னிடம் எப்போது கடன் வாங்கினீர்கள் என்று கேட்டார். அந்தப் பதினைந்து நாட்களைப் பற்றிச் சொன்னோம். வேண்டுமென்றே வராதிருந்தோம் என்றோம். அது தமக்கு அப்போதே தெரியும் என்றார்.

பிறகு நிகழ்ந்தது எம் வாழ்நாளில் நாம் கண்டிராத பேரம். நாம் ஐந்து என்றோம். அவர் ஒன்றும் வேண்டாம் என்றார். நாலரைக்கு இறங்கினோம், ஓடு பழையதுதானே, சமையற்கட்டு ஒழுகிற்றே, நானே 40 என்று கூட்டித்தானே கேட்டேன் என்று, தம் வீட்டின் குறைகளையெல்லாம் அவரே அடுக்கினார். நாமோ கிணற்றைப் புகழ்ந்தோம், சுவரைப் புகழ்ந்தோம். தமக்கையார் வெளியே வந்து நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இருட்டும் வேளையில் மூன்று இலட்சத்தில் வந்து நின்றது. அதற்குமேல் ஒரு சதமும் ஏற்கமாட்டேன் என்றார். மகள் கையிற் கொடுத்தனுப்பக்கூடாது, பள்ளிக்கூடத்திற் பேச்சு வரக்கூடாது, மாதக் கடைசியில் நாமே கொண்டுவந்து தரவேண்டும் என்பன அவருடைய நிபந்தனைகள். மாதம் 10,000 ரூபாவாகக் கொடுத்துவருகிறோம். கொடுக்கும் ஒவ்வொரு முறையும் அவர் எண்ணிப் பார்த்து, கொப்பியொன்றில் திகதி இட்டு எழுதி, எம்மிடம் கையொப்பம் வாங்குகிறார். இன்னும் நான்கு தவணை உண்டு.